வண்டலூர் முதல் திருவனந்தபுரம் வரை: விலங்குகளைத் தேடி ஒரு சாலைப் பயணம்



இன்றைய பேச்சின் பொருள் ஒரு பயணம். வரிசை போட்டுக்கொண்டு பயணம் போவது நமக்குப் புதிதல்ல. அறுபடை வீடு என்று புறப்படுகிறோம். நவக்கிரகத் தலங்கள் என்று புறப்படுகிறோம். கோடை வந்தால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு. ஆனால் ஒரு குடும்பம் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, மாநிலம் விட்டு மாநிலம், உயிரியல் பூங்கா உயிரியல் பூங்காவாகப் பார்த்துவரப் போகிறோம் என்று சொன்னால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்? "ஒரு வண்டலூர் போதாதா? எங்கே போனாலும் அதே புலி, அதே கரடிதானே?" என்பார்கள்.

அதே புலிதான். அதே கரடிதான். ஆனால் அதே பூங்கா அல்ல!

இப்படிப் புறப்பட்டவர் ஒருவர் உண்டு. யான் மார்டெல் என்ற கனடா நாட்டு எழுத்தாளர். 2001ஆம் ஆண்டு வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' நாவலை எழுதியவர். அடுத்த ஆண்டு அதற்கு புக்கர் பரிசு கிடைத்தது. பிறகு திரைப்படமாகவும் வந்து உலகம் முழுக்க ஓடியது. அந்தக் கதையின் நாயகன் புதுச்சேரியில் விலங்குக் காட்சிசாலை நடத்துபவரின் மகன். அந்தக் காட்சிசாலை கற்பனை. ஆனால் அதை எழுதுவதற்காக மார்டெல் செய்தது கற்பனை அல்ல. தென்னிந்தியாவில் எங்கெங்கே காட்சிசாலை உண்டோ அங்கெல்லாம் போனார். திருவனந்தபுரம் உயிர்க்காட்சியகத்தின் இயக்குநரைச் சந்தித்துக் கேள்வி கேட்டார். எங்கோ கனடாவிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போன பாதை இது. நம் வாசலிலிருந்து தொடங்கும் பாதை. நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

ஒரே ஒரு பூங்காவைப் பார்த்துவிட்டு வந்தால், சிங்கத்தைப் பார்த்தோம், பாம்பைப் பார்த்தோம் என்று சொல்வோம். அடுத்தடுத்து ஐந்தாறு பூங்காக்களைப் பார்த்தால்தான், அந்தச் சிங்கத்தை மனிதன் நேற்று எப்படி வைத்திருந்தான், இன்று எப்படி வைத்திருக்கிறான், நாளை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பது விளங்கும். இன்றைக்குச் சொல்ல வந்தது அதைத்தான்.

முதலில் வழியைச் சொல்லிவிடலாம். சென்னையை ஒட்டிய வண்டலூரில் தொடக்கம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை. பிறகு திருப்பதி, பெங்களூருக்குப் பக்கத்தில் பன்னேர்கட்டா, மைசூரு. அங்கிருந்து பந்திப்பூர், முதுமலைக் காடுகள் வழியாக நீலகிரி ஏறி, கோவைக்கு இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் தாண்டித் திருச்சூர், திருவனந்தபுரம். திரும்பும்போது நாகர்கோவில், மதுரை, திருச்சி வழியாகச் சென்னை. ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். அவசரப்படாமல் போனால் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும்.

எந்தக் கிழமையில் புறப்படுவது? இது சின்னக் கேள்வி இல்லை. ஒவ்வொரு பூங்காவுக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. வண்டலூர், பன்னேர்கட்டா, மைசூரு ஆகியவற்றுக்குச் செவ்வாய். முதலைப் பண்ணைக்கும் கேரளத்துப் பூங்காக்களுக்கும் திங்கள். இதைக் கவனிக்காமல் பிள்ளைகளோடு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும் குடும்பங்களை எந்தச் செவ்வாயிலும் வண்டலூர் வாசலில் பார்க்கலாம். புதன்கிழமை புறப்படுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல் ஐந்து நாளில் மைசூரு வரை முடித்துவிட்டு, திங்களையும் செவ்வாயையும் காட்டு வழிக்கும் மலைக்கும் ஒதுக்கினால், அடுத்த புதன் கேரளத்தில் கதவு திறந்திருக்கும்.

வண்டலூருக்கு வருவோம். நமக்குத் தெரிந்த இடம் என்று நினைக்கிறோம். அதன் கதை நமக்குத் தெரியுமா?

எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக இருந்தார். அந்த அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அங்கே கல்லையும் எலும்பையும் பார்க்க வந்த கூட்டத்தைவிட, உயிரோடு வைத்திருந்த ஒன்றிரண்டு விலங்குகளைப் பார்க்க வந்த கூட்டம் பெரிது. பால்ஃபர் அதைக் கவனித்தார். கர்நாடக நவாப்பிடம் இருந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்றார். 1855இல், எழும்பூர் பாந்தியன் சாலையில், அந்த அருங்காட்சியக வளாகத்திலேயே இந்தியாவின் முதல் பொது உயிர்க்காட்சியகம் பிறந்தது. ஒரே ஆண்டுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் சேர்ந்துவிட்டன.

இடம் போதவில்லை. 1861இல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். நூறாண்டுக்கு மேல் அங்கேதான் இருந்தது. பழைய சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும், இதை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். வெளியூரிலிருந்து சென்ட்ரலில் வந்து இறங்கும் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டையும் காட்டுவது அந்தக் காலத்து விருந்தோம்பலில் ஒரு பகுதி. ஆனால் அந்த உயிர் காலேஜ் எப்படி இருந்தது? சுற்றிலும் ரயில் சத்தம், பேருந்துச் சத்தம், மூர் மார்க்கெட் இரைச்சல். நடுவே கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் நாலு அடி முன்னே நடந்து நாலு அடி பின்னே திரும்பும் புலி. பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். புலி மகிழ்ந்ததா?

அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் வண்டலூர் வந்தது. 1979இல் வனத்துறைக்குச் சொந்தமான காப்புக்காட்டு நிலம் ஒதுக்கப்பட்டது. 1985 ஜூலை 24ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். இன்று பரப்பு 602 ஹெக்டேர். இங்கே கம்பிக்குப் பதில் அகழி. பார்க்கிறவருக்கும் சிங்கத்துக்கும் நடுவே ஒரு பள்ளம். அதற்கு அப்பால் புதரும் பாறையும் மரமும். சில நேரம் விலங்கு கண்ணுக்கே படாது. "காசு கொடுத்து வந்தோம், சிங்கம் எங்கே?" என்று சிலர் காவலரிடம் சண்டைக்குப் போவதுண்டு. சிங்கத்துக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்றால் அந்தப் பூங்கா சரியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒன்றை அந்த இடத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், மிச்சப் பயணம் முழுக்க அவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

வண்டலூருக்குள் ஓட்டேரி ஏரி இருக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில், குளிர்காலத்தில் போனால், டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்த விருந்தாளிகளை அங்கே பார்க்கலாம்: கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். எந்தப் பறவையும் யாரும் பிடித்து வைத்தது அல்ல.

இதே வண்டலூர் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பெரிய சோதனையைச் சந்தித்தது. மனிதர்களை வாட்டிய கொரோனா சிங்கங்களையும் பிடித்தது. நீலா என்ற பெண்சிங்கம் இறந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஓர் ஆண்சிங்கமும் போனது. போபாலில் உள்ள ஆய்வகம் மாதிரிகளைச் சோதித்து, மனிதர்களிடம் பரவிய அதே டெல்டா வகைதான் என்று சொன்னது. அகழி வெட்டினாலும், வேலி போட்டாலும், நாமும் அவையும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம் என்பதை அந்த ஜூன் மாதம் காட்டிவிட்டது.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரைச் சாலைக்கு வந்து தெற்கே திரும்பினால் வடநெம்மேலி. 1976இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் தொடங்கிய முதலைப் பண்ணை. அந்தக் காலத்தில் தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி இந்திய ஆறுகளில் முதலை அருகிப்போயிருந்தது. சில டஜன் முதலைகளோடு தொடங்கிய இந்த இடத்தில், முட்டையிட்டுப் பொரித்துப் பெருகியவை ஆயிரக்கணக்கில். முதலை முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பம். இதைக் கேட்டதும் பத்து வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

ஆனால் இந்த அவை கூர்ந்து கேட்க வேண்டியது முதலையைப் பற்றி அல்ல, மண்பானைகளைப் பற்றி. பண்ணைக்குள்ளேயே இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1978இல் தொடங்கியது. மணல் பரப்பிய தரையில் வரிசை வரிசையாக மண்பானைகள். ஒவ்வொன்றின் வாயிலும் துணி கட்டியிருக்கும். உள்ளே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். ஓர் இருளர் பானையின் துணியை அவிழ்த்து, கொக்கியால் பாம்பை எடுத்து, தலையைப் பிடித்து, கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கடிக்க வைப்பார். மஞ்சள் துளிகள் இறங்கும். அந்தத் துளியிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. சில வாரம் வைத்திருந்துவிட்டு, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் போட்டு, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அடையாளம் எதற்கு? அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடக் கூடாது என்பதற்கு. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பைப் பிடித்துக் கொடுத்த சமூகம் அது. தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டதும் பிழைப்பு போயிற்று. அந்தக் கைத்திறமையே இன்று உயிர் காக்கிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது, இந்த மண்பானைகளுக்கும் சேர்த்துத்தான் மரியாதை கிடைத்தது.

அடுத்து திருப்பதி. மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறோம். சேஷாசலம் மலையடிவாரத்தில் 1987இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்கா இருப்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. பரப்பளவில் நாட்டிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. இங்கே பார்க்க வேண்டியவை பழைய சர்க்கஸ் சிங்கங்களின் கதை சொல்லும் கூண்டுகள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று மத்திய அரசு 1998இல் அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. சரி, வித்தை நின்றது. விலங்குகள் எங்கே போகும்? காட்டில் விட முடியுமா? பிறந்ததிலிருந்து சாட்டைக்கும் இறைச்சித் துண்டுக்கும் பழகிய சிங்கத்துக்கு வேட்டையாடத் தெரியாது. அதிலும் பல, ஆப்பிரிக்கச் சிங்கமும் ஆசியச் சிங்கமும் கலந்து பிறந்த கலப்பினங்கள். ஆசியச் சிங்கங்கள் வாழும் கிர் காட்டில் விட்டால் அங்குள்ள இனமும் கெடும். அதனால் திருப்பதி, வண்டலூர், பன்னேர்கட்டா, விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைத்து, இனப்பெருக்கம் செய்யவிடாமல், ஆயுள் முடியும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். உயிரியல் பூங்காக்களையே மூடிவிட வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய நல்ல மனதை மதிக்க வேண்டும். ஆனால் இந்தச் சிங்கங்களுக்கு அவர்கள் காட்டும் வீடு எது?

இதே பூங்காவில் 2024 பிப்ரவரியில் ஒருவர் வேலியைத் தாண்டிச் சிங்கத்தின் இடத்துக்குள் குதித்தார். உயிரோடு திரும்பவில்லை. இளைஞர்களே, வேலி என்பது விலங்கை மட்டும் தடுப்பதற்கு அல்ல.

பெங்களூரைத் தொட்டதும் பன்னேர்கட்டா. 2002இல் தேசியப் பூங்காவிலிருந்து பிரித்துத் தனி உயிரியல் பூங்காவாக அமைத்தார்கள். கம்பி வலை போட்ட பேருந்துக்குள் நாம். வெளியே சிங்கமும் புலியும். கூண்டு இடம் மாறிவிட்டது! 2006இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒரு தனி அழகு. இருந்தாலும் இங்கே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டியது கரடிகளை.

இங்கே அமர்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். தெருவில் உடுக்கைச் சத்தம் கேட்கும். மூக்கில் துளையிட்டுக் கயிறு கோத்த கரடி ஒன்று வரும். கயிற்றை இழுத்தால் ஆடும். குழந்தைகளுக்கு பயம் தெளியும் என்று அதன் முடியை வாங்கித் தாயத்தில் வைத்துக் கட்டினார்கள். அந்த ஆட்டம் ஆட்டமே அல்ல. மூக்கு வலியில் தூக்கிய கால். காட்டில் தாய்க்கரடியைக் கொன்று குட்டியைப் பிடித்து, பல்லை உடைத்து, சூடு வைத்துப் பழக்கிய வேதனை அது. கலந்தர் என்ற சமூகத்தாரின் பரம்பரைப் பிழைப்பு. வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்ற அமைப்பு, அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாமல், கரடிக்கு ஈடாக வேறு தொழில் தொடங்கப் பணமும் பயிற்சியும், பிள்ளைகளுக்குப் படிப்பும் கொடுத்தது. 2009இல் தெருவிலிருந்த கடைசிக் கரடியும் மீட்கப்பட்டதாக அறிவித்தார்கள். அப்படி மீண்டவற்றுள் பல பன்னேர்கட்டா மையத்துக்குத்தான் வந்தன. துளை ஆறிய மூக்கின் தழும்போடு, மரக்கட்டையில் ஒளித்துவைத்த தேனை நக்கிக்கொண்டு அவை மிச்ச வாழ்நாளைக் கழித்தன. மனிதன் செய்த தவறை மனிதனே திருத்த முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

பெங்களூரிலிருந்து மைசூருவுக்கு 2023இல் திறந்த விரைவுச்சாலை இருக்கிறது. சிட்டாய்ப் பறக்கலாம்.

மைசூருவில் ஸ்ரீ சாமராஜேந்திர உயிரியல் பூங்கா 1892இல் பிறந்தது. பத்தாம் சாமராஜ உடையார் தம் அரண்மனைக்கென்று தொடங்கியது. ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பிகல் அழகுபடுத்தினார். பத்து ஏக்கர் சுமாரில் தொடங்கி இன்று 150 ஏக்கரைத் தாண்டி நிற்கிறது. வண்டலூர் காடு என்றால் மைசூரு தோட்டம். நிழல் கெட்டியான மரங்களுக்கு அடியில், ஒரே வழியாக நடந்து, ஒன்றுவிடாமல் பார்த்து வெளியே வரலாம். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். ஒட்டகச்சிவிங்கிகள் தலைக்கு மேல் இலை மேயும். நம் ஊர்ப் பூங்காக்களின் பொறுப்பாளர்கள் இங்கே வந்து ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டுப் போக வேண்டும்.

இங்கே போலோ என்ற கொரில்லா இருந்தது. 1995இல் டப்ளினிலிருந்து வந்தது. கடைசிக் காலத்தில் இந்தியா முழுவதற்கும் இருந்த ஒரே கொரில்லா அதுதான். கொரில்லா கூட்டமாக வாழும் உயிர். தனியாக உட்கார்ந்து, தன்னைப் பார்க்க வந்த கூட்டத்தை அது பார்த்துக்கொண்டிருந்தது. 2014இல் இறந்தது. 2021இல் ஜெர்மனியிலிருந்து இரண்டு ஆண் கொரில்லாக்கள் வந்தபோது, மறுபடி ஒன்றைத் தனியே கொண்டுவராமல் இரண்டாகக் கொண்டுவந்தார்களே, அது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்: தொலைதூரக் காட்டின் உயிர் இங்கே வேண்டுமா? நம் சோலைக்காட்டின் சிங்கவால் குரங்கை எத்தனை பேர் நின்று பார்க்கிறோம்? உலகத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத அந்தக் குரங்கை வண்டலூரிலும் மைசூருவிலும் இனம்பெருக்கிக் காக்கிறார்கள். அந்த வேலிக்கு முன்னால் கூட்டம் குறைவு.

மைசூருவை விட்டுத் தெற்கே போனால் பந்திப்பூர். அதைத் தொட்டு முதுமலை. இங்கே சாலையே பாடம் நடத்துகிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. 2009இல் கொண்டுவந்த தடை. ஏன்? இரவில் விரையும் லாரிகளின் சக்கரத்தில் மானும் சிறுத்தையும் செத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அந்தச் சாலை இரவில் விலங்குகளுக்குச் சொந்தம். மாலைக்குள் கடந்துவிடும்படி திட்டமிட வேண்டும். முடியாவிட்டால் மைசூருவிலேயே தங்கிவிட வேண்டும். காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. ஒலிப்பான் அடிக்கக் கூடாது. குரங்குக்குத் தின்பண்டம் போடக் கூடாது. வேலிக்குள் பார்த்த மான் இங்கே சாலையோரம் மேயும். இப்போது கூண்டுக்குள் இருப்பவர்கள் நாம்தான்.

முதுமலையில் தெப்பக்காடு யானை முகாம். 1927இலிருந்து இயங்குகிறது. யானைகளை உயிர்க்காட்சியகங்களில் வைக்க வேண்டாம், இப்படிப்பட்ட முகாம்களுக்கும் காட்டுப் பகுதிகளுக்கும் மாற்றுங்கள் என்று மத்திய உயிர்க்காட்சியக ஆணையம் 2009இல் உத்தரவிட்டது. ஏன் என்பது இங்கே உணவு நேரத்தில் நின்று பார்த்தால் புரிந்துவிடும். கேழ்வரகுக் களியும் கொள்ளும் சோறும் வெல்லமும் உப்பும் தேங்காயும் சேர்த்துப் பெரிய பெரிய உருண்டையாகப் பிசைந்து மேடையில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு யானைக்கும் வயதுக்கும் எடைக்கும் தக்க அளவு. பாகன் உருண்டையைக் கையில் எடுத்து, யானையின் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு மேலே தள்ளுவார். யானை கண்ணை மூடிக்கொண்டு மெல்லும். தாயை இழந்த ரகு என்ற குட்டியை இங்கேதான் பராமரிப்பாளர் தம்பதியான பொம்மனும் பெள்ளியும் வளர்த்தார்கள். அந்தக் கதையைச் சொன்ன 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு 2023இல் ஆஸ்கர் கிடைத்தது.

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி ஊட்டி. மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை. கோவை நகர நடுவில் வ.உ.சி. பூங்காவில் ஒரு சின்ன விலங்குக் காட்சிசாலை பல தலைமுறைகளாக இருந்தது. இடம் சிறியது, விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று 2022இல் ஆணையம் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. உள்ளூர்க்காரர்கள் வருந்தினார்கள். அது நியாயம்தான், பிள்ளைப் பருவம் அங்கே கழிந்தது. இருந்தாலும் அந்த முடிவு சரி. நகரத்துக்கு நடுவே நாலைந்து ஏக்கரில் எந்தக் காட்டு உயிருக்கும் வாழ்க்கை கிடையாது.

வாளையாறு தாண்டி, குதிரான் சுரங்கப்பாதைக்குள் புகுந்து வெளியே வந்தால் திருச்சூர் பக்கம். அங்கே 1885இல் தொடங்கிய பழைய காட்சிசாலை பதின்மூன்றரை ஏக்கர். அதே திருச்சூருக்கு வெளியே புத்தூரில் 330 ஏக்கருக்கு மேல் புதிய பூங்கா. வடிவமைத்தவர் ஆஸ்திரேலிய வல்லுநர் ஜான் கோ. 2025இல் திறந்துவைத்தார்கள். பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்து வண்டலூருக்கு நாம் நாற்பது ஆண்டுக்கு முன் செய்த மாற்றம், திருச்சூரில் நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது.

கடைசியில் திருவனந்தபுரம். மார்டெல் வந்த இடம். இங்குள்ள உயிர்க்காட்சியகம் 1850களின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் பிறந்தது. பக்கத்தில் வண்ண வண்ணமாக நிற்கும் நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கட்டியவர் ராபர்ட் சிஷோல்ம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஷோல்ம்.

இங்கே 2023 ஜூன் மாதம் ஒரு சம்பவம். ஓர் அனுமன் குரங்கு, பெண் குரங்கு, புதிதாக வந்து சேர்ந்தது. மக்கள் பார்வைக்கு விடுமுன் திறந்த இடத்தில் பழக்கிப் பார்க்கலாம் என்று விட்டார்கள். ஒரே தாவு! மரத்துக்கு மரம் தாவி நகரத்துக்குள் போய்விட்டது. ஏறத்தாழ மூன்று வாரம் நகரத்து மரங்களில் தளிர் தின்றுகொண்டு திரிந்தது. பூங்கா ஊழியர்கள் அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் போனார்கள். மயக்க ஊசி போட்டால் உயரத்திலிருந்து விழுந்து செத்துவிடும் என்று பொறுமையாகக் காத்தார்கள். ஜூலையில் ஒரு ஜெர்மன் மொழிப் பயிற்சி நிலையத்தின் கழிப்பறைக்குள் அது புகுந்தபோதுதான் பிடிக்க முடிந்தது.

அந்தக் குரங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? திருப்பதியிலிருந்து! இரண்டு சிங்கங்களோடு, விலங்குப் பரிமாற்றத் திட்டத்தில், 800 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் பயணம் செய்து வந்தது. ஒரே இரத்தத்தில் இனம் பெருகிக் கெடாமல் இருக்கப் பூங்காக்கள் இப்படித் தங்களுக்குள் விலங்குகளை மாற்றிக்கொள்கின்றன. கூண்டை லாரியில் ஏற்றி, மருத்துவரும் பராமரிப்பாளரும் கூடவே வந்து, வெயில் ஏறும் முன் ஓட்டி, வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டிக் கொண்டுபோகிறார்கள். நாம் போகும் சாலையில் நமக்கு முன்னே அவை போயிருக்கின்றன.

இனி, போகிறவர்களுக்குச் சில சொற்கள். காலையில் கதவு திறந்ததும் உள்ளே போங்கள். இரவுக் கூடத்திலிருந்து வெளியே விட்ட நேரம் அது. விலங்குகள் சுறுசுறுப்பாக நடமாடும். நண்பகலில் போய்விட்டு, எல்லாம் தூங்குகிறது என்று குறைப்பட வேண்டாம். நூறு விலங்கை நூறு நிமிடத்தில் பார்ப்பதைவிட, ஒரு கரடியை அரை மணி நேரம் பாருங்கள். பராமரிப்பாளர் பக்கத்தில் வந்தால் அதன் பெயரையும் வயதையும் கேளுங்கள். அவர்களிடம் இருக்கும் அளவுக்குக் கதை எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. சத்தம் போட்டு எழுப்பாதீர்கள். தின்பண்டம் வீசாதீர்கள்.

இன்னொன்று. வண்டலூரிலும் மைசூருவிலும் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் உண்டு. ஒரு நாள் உணவுச் செலவு முதல் ஓர் ஆண்டுச் செலவு வரை அவரவர் வசதிக்கு ஏற்ப ஏற்கலாம். 2020 பொதுமுடக்கத்தில் வாசல் மூடி நுழைவுக் கட்டணம் நின்றபோது, மைசூருவின் விலங்குகளுக்குப் பசி தெரியாமல் காத்ததில் இப்படித் தத்தெடுத்தவர்களுக்குப் பங்கு உண்டு. பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து விருந்து வைக்கிறோம். அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை ஒரு குரங்குக்கோ ஒரு கிளிக்கோ ஒதுக்கினால், பிள்ளை அதன் பெயரை மறக்காது.

பள்ளிகளை நடத்துகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்குப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். அடுத்த ஆண்டு அந்தப் பேருந்தை வண்டலூருக்கும் வடநெம்மேலிக்கும் திருப்புங்கள். வசதியுள்ள குடும்பங்கள் மிச்ச வழியையும் சேர்த்துப் போங்கள். கோடை கொளுத்துவதற்கு முன், ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, ஒரு புதன்கிழமை காலையில் புறப்படுங்கள்.